மெரூன் ரெக்சின்

இழுப்பு உள்ள குழந்தை ஏறும் காருக்கு என்ன மேட் போடுவது என்று யாரைக் கேட்க வேண்டும்? பெற்றவளையா, கடைக்காரரையா? எங்கள் வீட்டில் கடைக்காரரைத்தான் கேட்டார்கள். கடைக்காரர் வேறு யாருமில்லை, என் கணவர் ஷெங்கின் அண்ணன் குவாங்ஃபூ. சீனாவின் லியூஜோ நகரில் பாலம் இறங்கும் இடத்தில் கார் அலங்காரக் கடை வைத்திருக்கிறார்.

அந்தக் குட்டி மின்சாரக் காரை வாங்கியதே எங்கள் மகள் ருயிக்காக. ஏழு வயது. ஸ்கூட்டரில் என் முதுகைக் கட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டுவதற்குள் லாரிப் புகையில் அவளுக்கு இழுப்பு வந்துவிடும். புகை விடாத வண்டி, கண்ணாடியை ஏற்றினால் வெளிப்புகையும் வராது என்று பார்த்துப் பார்த்து எடுத்தோம். மேட்டையும் நான் முடிவு செய்து வைத்திருந்தேன். டிபிஇ என்பார்கள். ரப்பர் மாதிரி இருக்கும். பசை, பஞ்சு எதுவும் கிடையாது, ஒரே வார்ப்பு. மழைக்காலத்துச் சேற்றை மிதித்து ஏறினாலும் குழாயடியில் காட்டினால் போய்விடும்.

வண்டி வந்த அன்று, போக்குவரத்து பத்திரமாக இருக்கட்டும் என்று எங்கள் ஊர் வழக்கப்படி சக்கரத்தடியில் ஆப்பிள் வைத்து நசுக்கினோம். கண்ணாடிகளில் சிவப்பு ரிப்பன் கட்டினோம். பிறகு அண்ணன் சாவியை வாங்கிக்கொண்டு கடைக்குப் போனார். திரும்பி வந்தபோது வண்டிக்குள் தரை தெரியவில்லை. கதவோரம் வரை ஏறி நிற்கிற மெரூன் ரெக்சின், அதில் கட்டம் கட்டமாகப் பொன்னிறத் தையல். கதவைத் திறந்ததும் பசை வாடை குப்பென்று அடித்தது.

"எப்படித் தங்கச்சி? என்னோட பரிசு!"

"அண்ணே, நான் டிபிஇ தானே சொன்னேன்."

"அதெல்லாம் டாக்ஸிக்காரன் போடுறது. மின்சார வண்டியில எஞ்சின் சத்தம் கிடையாது, டயர் சத்தம்தான் காதைக் கொடையும். இதுக்குள்ள பஞ்சு இருக்கு, சத்தத்த அப்படியே அமுக்கிரும்."

"வாடை அடிக்குதே."

"புதுசுன்னா அடிக்கத்தான் செய்யும். ரெண்டு பம்ப்ளிமாஸ் தோல உள்ள போட்டு வை, போயிரும்."

பக்கத்தில் நின்ற அவர் மனைவிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஊரே நத்தை நூடுல்ஸ் வாடையில கெடக்கு. உனக்கு மட்டும் என்னடி ராசாத்தி மூக்கு?"

"அந்த வாடை வயித்துக்குப் போகுது அண்ணி. இது நெஞ்சுக்குல்ல போகுது!"

அன்று ராத்திரியே கழற்றிவிடலாம் என்றேன். ஷெங் பதறிவிட்டார். "அண்ணன் ஆசையாக் குடுத்ததும்மா. கழட்டுனா அவரு மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்குவாரு?"

மூஞ்சி! எங்கள் ஊரில் எதற்கும் முன்னால் வந்து நிற்பது இந்த மூஞ்சிதான். பெரியவருக்கு மூஞ்சி போகக் கூடாது, குழந்தைக்கு மூச்சுப் போனால் பரவாயில்லை. என்ன நியாயம் இது? ஆனாலும் கழற்றவில்லை. சீட்டுக்கடியில் பம்ப்ளிமாஸ் தோலைப் போட்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினேன். புகை உள்ளே வரக் கூடாதென்று வாங்கிய வண்டியில், உள்ளே இருக்கிற வாடை வெளியே போகட்டும் என்று கண்ணாடியைத் திறந்து வைத்த கூத்தை எங்கே போய்ச் சொல்வது.

வெயில் ஏறிய ஒரு நாள் பள்ளி வாசலில் வண்டி வெகுநேரம் வெயிலில் நின்றது. ருயி ஏறினாள். பாலத்தில் நெரிசல், இரண்டு பக்கமும் லாரி. வேறு வழியில்லாமல் கண்ணாடியை ஏற்றினேன். பாலம் இறங்குவதற்குள் அவள் தோள் ஏறி இறங்க ஆரம்பித்துவிட்டது. இன்ஹேலரை அடித்தும் நிற்கவில்லை. அண்ணன் கடை முன்னால் வண்டியை அப்படியே போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கத்தினேன். அவர் ஓடிவந்தார். அதைச் சொல்லாமல் இருக்க முடியாது, செருப்பில்லாமல்தான் ஓடிவந்தார். தன் காரில் எங்களை ஏற்றி ஆஸ்பத்திரிக்கு விரட்டினார்.

பாதி வழியில் ருயிக்கு இழுப்பு கொஞ்சம் தணிந்தது. அப்போதுதான் நான் காலடியைப் பார்த்தேன். பளபளப்பில்லாத கறுப்பு மேட். மோந்து பார்த்தேன். வாடையே இல்லை.

"அண்ணே, உங்க வண்டியில என்ன மேட்டு?"

ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். "டிபிஇ தான். மொதல்ல நம்ம ரெக்சின்தான் போட்டேன். பேரனுக்கு ஒத்துக்கல, ஏறுனாலே ஒரே இருமல். மறுநாளே கழட்டி..."

அவர் காதுமடல் சிவந்ததைப் பின் சீட்டிலிருந்தே பார்த்தேன்.

"சொல்லுங்கண்ணே. கழட்டி?"

அவர் ஹாரனை அழுத்தினார்.

"உங்க பேரனுக்கு இருக்கிறது நெஞ்சு, என் பொண்ணுக்கு இருக்கிறது என்ன, தகரமா?"



ஆஸ்பத்திரியில் மூக்கில் முகமூடி வைத்து மருந்து ஆவி பிடிக்க வைத்தார்கள். ருயி தேறினாள். அலறிக்கொண்டு வந்த ஷெங், மகளைத் தடவிப் பார்த்த கையோடு அண்ணனைக் கும்பிட்டார். "நீங்க இல்லேன்னா என்ன ஆயிருக்கும்ணே!"

"அவரு இல்லேன்னா இங்க வந்தே இருக்க மாட்டோம்" என்றேன். ஷெங்குக்குப் புரியவில்லை. அண்ணனுக்குப் புரிந்தது.

வண்டியை எடுக்கக் கடைக்கு வந்தோம். கூட்டமான நேரம். ருயியை ஷெங் தூக்கி வைத்திருந்தார். நான் காரின் நான்கு கதவுகளையும் விரியத் திறந்து வைத்தேன்.

"இப்பவே கழட்டுங்கண்ணே. உங்க கையால."

"ஆளுங்க நிக்கிற நேரம் தங்கச்சி. நாளைக்குக் காலையில..."

"ஆளுங்க நிக்கிறாங்கன்னுதான் சொல்றேன்."

ஷெங் என் முழங்கையைப் பிடித்தார். உதறினேன்.

அண்ணன் மண்டியிட்டு ரெக்சினைப் பிய்த்து எடுக்க ஆரம்பித்தார். இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண் அதே மெரூன் மேட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். "நல்லாத்தானே இருக்கு, ஏன் முதலாளி கழட்டுறீங்க?"

அவர் நிமிராமல் முணுமுணுத்தார். "கொழந்தைங்க ஏறுற வண்டிக்கு இது ஆகாதும்மா."

"சத்தமாச் சொல்லுங்கண்ணே" என்றேன். "கடையில நிக்கிற அத்தனை பேருக்கும் கேக்கணும்."

அண்ணன் தம்பியைப் பார்த்தார். ஷெங் மகளின் முதுகைத் தடவிக்கொண்டு, முதல் தடவையாக, அண்ணனுக்குப் பரிந்து பேசாமல் நின்றார்.

அண்ணன் எழுந்து நின்று சத்தமாகச் சொன்னார். அந்தப் பெண் கையிலிருந்த மேட்டை அலமாரியில் திரும்ப வைத்தாள்.