இரவல் பாட்டில்

அரியலூர் டாக்டருக்குக் கைராசி இருந்ததோ இல்லையோ, வாய் இருந்தது. ஆண்டிமடத்திலிருந்து மகளை பஸ்ஸில் கூட்டி வரும் மலர்கொடிக்கு அது நன்றாகத் தெரியும். மகள் பானுப்ரியாவுக்குச் சின்ன வயதிலேயே சர்க்கரை நோய். தினமும் ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளை. மூத்திரத்தில் சர்க்கரை தெரிந்தால் போதும், "திருட்டுத்தீனி தின்னியா? சாகப்போறியா?" என்று வெளியே காத்திருக்கும் சனம் அத்தனைக்கும் கேட்கிற மாதிரி கிழித்துத் தொங்கவிடுவார்.

போன வருஷம் சிறுநீரகம் கெட ஆரம்பிக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்க ஒரு சோதனையும் சேர்ந்துகொண்டது. மூத்திரத்தை வீட்டிலேயே பிடித்துக் கொண்டுவர வேண்டும். ஒரு குறையும் இல்லை என்று அப்போது வந்ததில் மலர்கொடி மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தாள்.

இந்த முறையும் லேப்காரப் பெண் சிரித்தபடி வந்தாள். "சுத்தமா இருக்குக்கா. சர்க்கரை இல்ல, உப்பு இல்ல, ரத்தம் இல்ல."

மலர்கொடி சீட்டை வாங்கிப் பார்த்தாள். மகளுக்கு நேற்றுத்தான் மாதவிலக்கு வந்திருந்தது. ஒரு சொட்டு ரத்தம்கூடவா கலந்திருக்காது? மகளை ஓரமாக இழுத்துப் போனாள்.

"யாரோடதுடி இது?"

"பக்கத்து வூட்டு சத்யாவோடது."

"போன வருசம்?"

"அதுவும் அவளோடதுதாம்மா. என்னோடதக் கொண்டாந்தா எல்லார் முன்னாடியும் திட்டுவாரு."

அறையக் கை ஓங்கினாள். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு அடிக்குக் காத்து நின்றதைப் பார்த்ததும் கை தானாக இறங்கியது. அறை வாங்க வேண்டிய கன்னம் இது இல்லை என்று நெஞ்சு கொதித்தது.

விலக்கு முடிந்து அடுத்த வாரம் பானுப்ரியாவின் மூத்திரமே சோதனைக்குப் போனது. சீட்டைப் பார்த்த டாக்டரின் முகம் மாறியது.

"லேசா உப்பு, அதான் புரதம், கசியுது. மறுபடி பார்த்து உறுதி பண்ணணும். ஆரம்பந்தான், மாத்திரையில கட்டுப்படுத்தலாம். ஆனா போன வருசம் ஒண்ணுமில்லையே? அதுக்குள்ள என்னத்தத் தின்னு தொலைச்ச?"

"நிறுத்துங்க சார்." மலர்கொடியின் குரல் வெளியே உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் பேசினாள். "போன வருசம் நீங்க பார்த்தது எம்பொண்ணோடதே இல்ல. உங்க வாய்க்குப் பயந்து பக்கத்து வூட்டுப் புள்ளகிட்ட இரவல் வாங்கியாந்திருக்கா. ஒரு வருசம் போச்சு சார். தின்னதால போகல, நீங்க திட்டுன திட்டுல போச்சு."

டாக்டர் மறுசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

பஸ்ஸில் பானுப்ரியா மெல்லக் கேட்டாள். "அடுத்த தடவ சர்க்கரை இருந்தா திட்டுவாராம்மா?"

"திட்டட்டும். நீ உன்னோடதையே கொண்டா. அவருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."