பெயர் காலியாக இருந்தால்

ஹதீலின் தாள் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்தபோது அவள் வாய் நிறைய ஸாத்தர் பொடி தூவிய ரொட்டி. மென்றுகொண்டே படித்தாள், படித்ததும் மெல்வதை நிறுத்தினாள். அவள் எழுதியிருந்தது பதினொரு பக்கம். அதற்குக் கஸ்ஸான் எழுதியிருந்த பதில் ஒரே வரி. ‘மூன்று வீட்டாரில் ஒருவர் அன்று வீட்டில் இல்லையென்றால்?’ முதல் முறையும் இதே கேள்விதான், இரண்டாம் முறையும் இதேதான். அந்த மனுஷனுக்கு வேறு கேள்வியே தெரியாதா என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டாள். ரொட்டித் துணுக்கு ஒன்று பறந்து போய்த் திரையில் ஒட்டிக்கொண்டது.

அந்த அலுவலகத்தில் மொத்தம் எட்டுப் பேர். அம்மான் நகரம் முழுக்கத் தண்ணீர் லாரிகளுக்கு முன்பதிவு செய்யும் செயலி அவர்களுடையது. கஸ்ஸான் அதன் தலைவர். அவருக்கு ஒரு சட்டம் உண்டு: தாள் இல்லாமல் ஒரு வரி நிரலும் எழுதக் கூடாது. ஏன் மாற்ற வேண்டும், என்ன மாறும், எது நேர்ந்தால் செயலி எப்படி நடந்துகொள்ள வேண்டும், அதற்கு என்னென்ன வேலை என்று முதலில் தாளில் எழுத வேண்டும். அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மற்றதெல்லாம். வேலை முடிந்து, சோதித்து, சரியென்றால் தாள் ‘முடிந்தவை’ என்ற கோப்புக்குள் எழுதியவர் பெயரோடு போய்ச் சேரும். இப்போது நிரலில் பாதியை இயந்திரமே எழுதிவிடுகிறது. ஆள் பிடியைத் தளர்த்துவார் என்று பார்த்தால் அது இன்னும் இறுகிவிட்டது. “மனுஷங்கிட்ட அரைகுறையா சொன்னா திரும்பக் கேப்பான். இது கேக்காது. அதுபாட்டுக்குத் தப்பா கட்டி முடிச்சுட்டு சமத்தா நிக்கும்” என்பார்.

முடிந்தவையில் நாற்பத்தொரு மாற்றங்கள் இருந்தன. ஹதீல் வேலைக்குச் சேர்ந்து பதினான்கு மாதமாகியும் அதில் ஒன்றுகூட அவள் பெயரில் இல்லை. மற்றவர்கள் எழுதிய தாளுக்கு வேலை செய்து கொடுத்தாள், நன்றாகவே செய்தாள். ஆனால் இந்த ஒரு தாள் அவளுடையது. ஒரு லாரியில் ஆறு கன மீட்டர் தண்ணீர். அவள் வீடு இருக்கும் நதீஃப் மலையில் ஒரு வீட்டுத் தொட்டி இரண்டுக்கு மேல் கொள்ளாது. மூன்று வீடு சேர்ந்து ஒரு லாரி வாங்குவதுதான் அங்கே வழக்கம். செயலிக்கோ ஒரு லாரி என்றால் ஒரு வீடு. அதனால் மலையில் ஒருவரும் அந்தச் செயலியைச் சீந்துவதில்லை, அவள் அம்மா உட்பட. பகிர்ந்து வாங்க வழி செய்ய வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. மே மாதக் கடைசி வியாழனோடு கதவு மூடிவிடும். அதற்குப் பிறகு அக்டோபர் வரை எந்தப் புது மாற்றமும் கிடையாது, கோடை முழுக்கப் போய்விடும்.

“நீ தாளு எழுதுற. தாளு எழுதினா பொண்ணு கெடைக்குமா?” என்றார் அபூ ஹைதம். லாரி ஓட்டுநர்களோடு நாள் முழுக்கத் தொலைபேசியில் மல்லுக்கட்டுவது அவர் வேலை. தொப்பை, மீசை, அறை நிறைந்த குரல். சுற்றமும் நட்பும் கூட்டமாகப் பெண் கேட்கப் போகும் ஜாஹாவில் முன்னால் நடந்து பேசுவதற்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். நூறு கல்யாணமாவது முடித்து வைத்திருப்பதாகச் சொல்வார். “கௌரவமா நாலு பேரைக் கூட்டிக்கிட்டுப் போய்க் கேக்கணும், அம்மாடி.”

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். பக்கத்து மேஜையில் செயலியைச் சோதித்துப் பார்க்கும் மைஸூன் இருந்தாளே, அவளுக்கு இந்த மாதிரி விஷயம் கிடைத்தால் போதும். மறுநாள் பதினோரு மணிக்கு, ஹதீல் வேண்டாம் வேண்டாம் என்று கையைப் பிடித்து இழுக்க இழுக்க, அலுவலகமே வரிசையாகக் கஸ்ஸானின் அறைக்குள் நுழைந்தது. அபூ ஹைதம் எங்கிருந்தோ ஒரு கோட்டு மாட்டிக்கொண்டு வந்திருந்தார், பொத்தான் போடவில்லை, போட முடியாது. மைஸூன் ஏலக்காய் மணக்கும் கசப்புக் காப்பியைக் கொண்டு வந்து அனைவர் கையிலும் கொடுத்தாள். அபூ ஹைதம் தன் கிண்ணத்தை வாங்கி, உதட்டில் படாமல் மேஜைமேல் வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள். கஸ்ஸான் கண்ணாடியைக் கழற்றினார். கேட்டது கிடைக்காமல் ஜாஹா காப்பியைத் தொடாது. அந்தக் கிண்ணம் ஆறிப் போவதைவிட வீட்டுக்காரனுக்குப் பெரிய அவமானம் கிடையாது.

“அல்லாஹ்வோட பேரால வந்திருக்கோம்” என்று ஆரம்பித்தார் அபூ ஹைதம். “எங்க பொண்ணு ஹதீல் நல்ல குடும்பம், நல்ல படிப்பு. பதினொரு பக்கம் எழுதியிருக்கா. உங்க கையெழுத்தை எங்க பொண்ணோட தாளுக்குக் கேட்டு வந்திருக்கோம். நீங்க சரின்னு சொல்லாம இந்தக் காப்பி எங்க தொண்டைல எறங்காது.”

கஸ்ஸான் சிரிக்கவில்லை. சிரிப்பு வந்தால் அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து எதையோ தேடுவார் என்பது எல்லோருக்கும் தெரியும். இப்போது இரண்டு இழுப்பறையையும் திறந்து மூடினார்.

“ஏன் அபூ ஹைதம், ஜாஹா வர்றதுக்கு முன்னாடியே வீட்ல எல்லாம் பேசி முடிச்சிருக்கணும்ல? பேசாம வந்து நிக்கிற ஜாஹாவ இன்னிக்குத்தான் பாக்குறேன்.”

“பேசிப் பாத்தாச்சு உஸ்தாத். மூணு தடவை வாசல்லயே திருப்பி அனுப்பிட்டீங்களே!” என்றாள் மைஸூன்.

“சரி. எங்க பக்கத்து நிபந்தனை ஒண்ணே ஒண்ணுதான்” என்று கஸ்ஸான் ஹதீலைப் பார்த்தார். “பக்கத்துல ஆள் நிக்காம எந்த லாரிக்காரனும் தொட்டிக்குள்ள குழாய விட மாட்டான். மூணு பேர்ல ஒருத்தன் வீட்ல இல்ல. அவன் தொட்டிக்கு யார் நிப்பா?”

“அதான் எழுதியிருக்கேனே உஸ்தாத். ‘எங்களுக்காக நிற்பவர்’னு ஒரு கட்டம். பக்கத்து வீட்டுக்காரங்க பேரப் போட வேண்டியதுதான்.”

“எந்தப் பக்கத்து வீடு?”

“எதுவா இருந்தா என்ன? பக்கத்து வீடு இல்லாத வீடு உண்டா?”

எல்லோரும் சிரித்தார்கள். கஸ்ஸான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது எப்போதோ சுத்தமாகிவிட்டது.

“நான் கல்தா பக்கம் ஒரு அடுக்குமாடில குடிவந்து எட்டு வருஷமாச்சு” என்றார். “மேல யாரு, கீழ யாருன்னு தெரியாது. தப்பு என்மேலதான், நான் பேசினதில்ல. இந்தக் கட்டத்துல பேரு போடுன்னா நான் யார் பேரப் போடுவேன்? காலியாத்தான் விடுவேன். காலியா விட்டா உன் செயலி என்ன செய்யும்? நீ சொல்லல. இயந்திரம் அதுவா ஒண்ண முடிவு பண்ணும். என் தொட்டிய விட்டுட்டுப் போயிடும்.”

ஹதீலுக்கு முகம் சுட்டது. மூன்று முறை அவர் கேட்டது இதைத்தான், மூன்று முறையும் அவளுக்குக் காதில் விழவில்லை. நதீஃப் மலையில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்தக் கட்டம் காலியாக இருக்கக்கூடும் என்பதே தோன்றவில்லை. அங்கே ஆள் இல்லாத தொட்டிக்கு நாலு பேர் ஓடி வருவார்கள். மனுஷனைப் பற்றி இத்தனை நாள் வாய்க்கு வந்ததைச் சொன்னோமே என்று வெட்கமாக இருந்தது, கூடவே அவர்மேல் ஒரு பிரியமும் வந்தது.

மேஜையிலிருந்த அவருடைய பேனாவையே எடுத்து, ஒரு காகிதத்தைத் திருப்பி எழுதினாள். எழுத எழுத வாசித்தாள். “பெயர் காலியாக இருந்தால், மற்ற இரு வீட்டாரையும் கேட்க வேண்டும்: இந்த வீட்டுக்காக நீங்கள் நிற்பீர்களா? ஒருவர் சரி என்றால், அவர் பெயர் கட்டத்தில் ஏறும். இருவரும் மறுத்தால், அந்தப் பங்கை வேறு வீட்டுக்குக் கொடுத்து, காரணத்தை இவருக்குச் சொல்ல வேண்டும்.”

கஸ்ஸான் இரண்டு முறை படித்தார். அபூ ஹைதம் ஆறும் காப்பியை ஏக்கமாகப் பார்த்தார்.

“குடிங்க உங்க காப்பிய” என்றார் கஸ்ஸான்.

மைஸூன் இட்ட குலவையில் கீழ்க் கடைக்காரர் மேலே ஓடி வந்துவிட்டார், யாருக்குக் கல்யாணம் என்று கேட்டுக்கொண்டு.

அடுத்த இரண்டு வாரம் ஹதீல் தரையில் நடக்கவில்லை. வேலைப் பட்டியலில் இருபத்தாறு வரி. ஒவ்வொன்றாக முடித்து முடித்துக் குறி போட்டாள். பூட்டு விழும் வியாழனுக்கு முந்தைய நாள் சோதனை. எங்கே வைப்பது என்று பேச்சு வந்தபோது, “என் கட்டடத்துல வை. மோசமான இடத்துல மொதல்ல பாத்துரணும்” என்றார் கஸ்ஸான். பதிவு செய்யும்போது கட்டத்தைக் காலியாக விட்டார். அதே கட்டடத்தில் இன்னும் இரண்டு வீட்டார் பங்குக்குச் சேர்ந்திருந்தார்கள். மூன்றாம் மாடியில் உம்மு சலாம் என்று ஒரு பெண்மணி, தரைத்தளத்தில் ஜிர்யெஸ் என்று ஒரு பல் டாக்டர். இரண்டு பேரையும் கஸ்ஸானுக்குத் தெரியாது.

லாரி கட்டட வாசலில் தயாராக நிற்க, காலை பத்து மணிக்குக் கேள்வி இரண்டு வீட்டுக்கும் போயிற்று. திரையைப் பார்த்தபடி ஹதீலின் பின்னால் அலுவலகமே நின்றது. இரண்டு பேரும் மறுத்துவிட்டால்? நிரலுக்கு ஒன்றும் ஆகாது, அதைத்தான் எழுதி வைத்திருக்கிறாளே. ஆனால் கஸ்ஸான் இங்கே நிற்கிறார், இரண்டு மறுப்பையும் படிப்பார். கஸ்ஸான் சுவரிலிருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உம்மு சலாம்: நிற்கிறேன்.

மைஸூன் ஹதீலின் முதுகில் ஒன்று வைத்தாள். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் இரண்டாவது பதில் வந்தது. டாக்டர் ஜிர்யெஸ்: நிற்கிறேன். உடனே திரை முழுக்கச் சிவப்பு. ஒரு கட்டம், இரண்டு பெயர். என்ன செய்வதென்று தெரியாமல் செயலி அப்படியே நின்றுவிட்டது.

ஹதீல் ‘ஒருவர் சரி என்றால்’ என்று எழுதியிருந்தாள், ‘இருவரும் மறுத்தால்’ என்று எழுதியிருந்தாள், அவ்வளவுதான். சோதனையில் சிவப்பு விழுந்த தாள் முடிந்தவைக்குள் போகாது. அவளுக்கு மிச்சமிருப்பது ஒரே ஒரு நாள்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, அபூ ஹைதமின் தொலைபேசி அலறியது. கல்தாவிலிருந்து லாரிக்காரர். அபூ ஹைதம் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். “அண்ணே, இங்க மொட்டை மாடில ரெண்டு பேரு குழாய ஆளுக்கொரு பக்கம் புடிச்சுக்கிட்டு விட மாட்டேங்கிறாங்க! நான் யார் சொல்றதக் கேக்குறது?”

பின்னாலிருந்து ஒரு ஆண் குரல், “அம்மா, உங்களுக்கு முட்டிவலி, போய் உக்காருங்க, நான் பாத்துக்கிறேன்” என்றது.

“என் முட்டிய நீ பாக்க வேணாம், நீ பல்லப் பாரு!” என்றது பெண் குரல். “எட்டு வருஷமா அந்தப் புள்ள தலையக் குனிஞ்சுக்கிட்டே படி ஏறுது, எறங்குது. சாப்பிட்டியான்னு கேக்க ஒரு சாக்கு கெடைக்கல எனக்கு. இன்னிக்குத்தான் வாயத் தொறந்து ஒண்ணு கேட்டிருக்கு. விட்டுக் குடுப்பேனா? தள்ளு!”

அலுவலகத்தில் ஒருவரும் கஸ்ஸானைப் பார்க்கவில்லை. அவர் இழுப்பறையைத் தேடிக் கையை நீட்டினார். அது ஹதீலின் மேஜை, அதில் இழுப்பறையே கிடையாது.

“உஸ்தாத், ரெண்டு பேரும் சரின்னா என்ன பண்ணணும்னு நான் யோசிக்கவே இல்ல” என்றாள் ஹதீல். “என் தப்பு.”

“நானுந்தான் யோசிக்கல. கையெழுத்துப் போட்டவன் நானு.” என்றார் கஸ்ஸான். “அந்த வரிய எழுதி வை. சாயங்காலம் வந்து பாக்குறேன்.” கோட்டைக்கூட எடுக்காமல் படியிறங்கிவிட்டார்.

ஹதீல் விசைப்பலகையை இழுத்து ‘இருவரும் சரி என்றால்’ என்று அடித்தாள். அதற்கு மேல் என்ன எழுதுவதென்று தெரியாமல் சிரிப்பு சிரிப்பாக வந்தது, கண்ணில் நீரும் வந்தது. “இங்க வாடி, சீக்கிரம்!” என்று மைஸூன் ஜன்னலிலிருந்து கூப்பிட்டாள்.

எதிரே இருந்த இனிப்புக் கடையிலிருந்து கஸ்ஸான் ஒரு குனாஃபா பெட்டியோடு வெளியே வந்தார். நாலு எட்டு நடந்தார். நின்றார். திரும்பிக் கடைக்குள் போனார். மறுபடி வந்தபோது கைக்கு ஒன்றாக இரண்டு பெட்டி இருந்தது. சாலையோரம் நின்று மஞ்சள் டாக்ஸிகளைப் பார்த்து முகவாயைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். கை காட்டாத ஆளுக்கு அம்மானில் எவன் நிறுத்துவான்? ஒன்று போயிற்று, இன்னொன்றும் போயிற்று. வெயிலில் பாகு உருகிவிடுமே என்று இரண்டு பெட்டியையும் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். ஹதீல் ஜன்னல் வழியே பாதி உடம்பை வெளியே நீட்டி, மைஸூன் அவள் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, இரண்டு கையையும் வீசித் தெருவே திரும்பிப் பார்க்கும்படி “டாக்ஸீ!” என்று கத்தினாள். மூன்றாவது வண்டி கிறீச்சென்று நின்றது.