கையெழுத்தாகாத ஆர்டர் ஷீட்

வெள்ளிக்கிழமை மாலை நாலு இருபதுக்கு ஜோகிந்தர் கேவட்டின் மேல்முறையீட்டில் வாதம் முடிந்த மாதிரிதான் இருந்தது. அரசு வக்கீல் மட்டும் எழுந்து, பழைய தீர்ப்பு ஒன்றைக் காட்ட வேண்டும், திங்கட்கிழமை ஐந்து நிமிடம் போதும் என்றார். நீதிபதி உமாசங்கர் ஓஜா சரியென்றார். பேஷ்கார் அவத்பிஹாரி லால் ஆர்டர் ஷீட்டில் 'விசாரணை தொடரும்' என்று எழுதினார். மேடைக்குக் கீழே உட்கார்ந்து வழக்குக் கட்டு எடுத்துக் கொடுப்பது அவருக்கு இருபத்தாறு வருட வேலை. நீதிபதி கையெழுத்துப் போடாமலே அவசரமாக ஒரு சாவுக்குக் கிளம்பிவிட்டார்.

சனிக்கிழமை காலையில் அவர் வீட்டிலேயே தீர்ப்பைச் சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தர் தட்டினார். பத்தொன்பது பக்கம். சரிபார்க்கக் கொடுத்தபோது அவத்பிஹாரி கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டார். விடுதலை. பத்து வருடத் தண்டனையில் ஆறு வருடம் ஏற்கெனவே போயிருந்தது.

அன்று மத்தியானம் தலைமை நீதிபதியின் புது ரோஸ்டர் வந்தது. திங்கள் முதல் ஓஜாவுக்கு நில வழக்குகள். குற்றவியல் மேல்முறையீடுகள் ஏழாம் நம்பர் கோர்ட்டுக்கு. 'தீர்ப்பு ஒத்திவைப்பு' என்று எழுதியிருந்தால், ரோஸ்டர் மாறினாலும் கேட்டவரே தீர்ப்புச் சொல்லலாம். 'தொடரும்' என்றால் கட்டு கைமாறிப் போகும்.

திங்கட்கிழமை காலை அவத்பிஹாரி ஷீட்டை நீதிபதியின் மேஜையில் வைத்துவிட்டு நகராமல் நின்றார்.

"ஹுஜூர், இதுல இன்னும் கையெழுத்து ஆகல. 'தீர்ப்பு ஒத்திவைப்பு'ன்னு மாத்தினா போதும், ஒரே வரிதான். அரசு வக்கீலும் ஆட்சேபணை இல்லங்கறார்."

"வெள்ளிக்கிழமை நான் என்ன சொன்னேன், அவத் பாபு?"

"தொடரும்னு."

"அப்ப அதுதான் இருக்கும்."

"ஆறு வருஷமா உள்ள கிடக்கான், ஹுஜூர்."

"அந்தப் பத்தொன்பது பக்கத்தையும் நான்தானே சொன்னேன், எனக்குத் தெரியாதா? எந்தக் கேஸ் எனக்குன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டா, பக்கத்து ரூம்காரரும் பண்ணுவார். அப்ப யார் யாரைக் கேக்கறது?"

கையெழுத்துப் போட்டார். இந்த வழக்கை மட்டும் தன்னிடமே விட முடியுமா என்று தலைமை நீதிபதிக்குத் தனியாக ஒரு குறிப்பும் எழுதினார்.

குறிப்பு மேலே போன செய்தி கேண்டீன்வரை பரவியது. ஏழாம் கோர்ட் பேஷ்கார் குலாப்சந்த் சுட்ட லிட்டி உருண்டையைப் பிட்டுக்கொண்டே கேட்டார்: "என்ன லாலாஜி, வீடு காலி பண்ணினப்புறமும் உங்க சாஹப் ஒரு கட்டிலை மட்டும் தூக்க விடமாட்டேங்கறாராமே?"

வியாழக்கிழமை பதில் வந்தது. ஒரே வரி: ரோஸ்டர்படி உரிய அமர்வின் முன் வைக்கவும். தலைமை நீதிபதி குறிப்பை இரண்டு தடவை படித்தாராம். போன மாதம் வேறொரு நீதிபதி ஒரு கட்டட முதலாளியின் வழக்கை இப்படித்தான் தன்னிடமே விடச் சொன்னாராம். அவருக்கு இல்லையென்று சொன்னதை இவருக்கு எப்படிக் கொடுப்பது என்றாராம். தலைமை நீதிபதியின் செயலாளர் சொன்னது இது.

ஓஜா பத்தொன்பது பக்கங்களையும் வாங்கித் தன் கையாலேயே கிழித்தார். "கோர்ட்ல சொல்லாத வரைக்கும் இது வெறும் காகிதம். வெளிய ஒரு வார்த்தை போகக் கூடாது."

அவத்பிஹாரி கட்டோடு வெளியே வந்தபோது தாழ்வாரத்தில் ராம்தனி நின்றான், ஜோகிந்தரின் அண்ணன். தான் ஓட்டும் படகை யாரிடமோ விட்டுவிட்டு, ஒவ்வொரு வாய்தாவுக்கும் சத்துமாவு மூட்டையோடு வருகிறவன்.

"பேஷ்கார் பாபு, கேஸ் கைமாறிப் போச்சுன்னு எங்க வக்கீல் சொல்லிட்டாரு. ஹுஜூர் மனசுல என்ன இருந்துச்சு? அத மட்டும் சொல்லுங்க."

"கட்டு தூக்கறவன்கிட்ட மனசப் பத்திக் கேக்கறியே. எனக்கென்ன தெரியும்?"

"இனி என்ன ஆகும்?"

"புது ஹுஜூர். வாதம் முதல்லேர்ந்து நடக்கும். வரிசைல அம்பத்தெட்டாவது நம்பர்."

ராம்தனி எண்ணிப் பார்ப்பவன்போல் நின்றான். சரிபார்த்தபோது அவத்பிஹாரி படித்திருந்தார்: விடுதலைக்குக் காரணமே டாக்டரின் சாட்சியத்தில் இருந்த ஒரு வரிதான். அவன் வக்கீல் அதைக் கவனிக்கவேயில்லை. நீதிபதிதான் தானாகத் தேடிப் பிடித்தார்.

"உன் வக்கீல்கிட்ட சொல்லு…" என்று அவத்பிஹாரி ஆரம்பித்தார்.

ராம்தனி நிமிர்ந்து பார்த்தான்.

"…கட்டை நல்லாப் படிச்சிட்டு வரச் சொல்லு. ஒரு பக்கம் விடாம."

"சரி பாபு" என்றான் அவன். அது எல்லோரும் எல்லோரிடமும் சொல்வதுதானே என்கிற மாதிரி இருந்தது அவன் முகம். அவத்பிஹாரி கட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஏழாம் கோர்ட்டின் படியேறினார்.