கெல் ஸ்கெரிட் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா?

வெள்ளம் வடிந்த ஏழாம் மாதம் கவுன்சில் அலுவலகத்துக் கண்ணாடியில் ஒரு பட்டியல் ஒட்டினார்கள். உள்ளே தண்ணீர் ஏறிய பதினொரு வீடுகளை ஆளுயரத்துக்குத் தூக்கிக் கட்ட அரசாங்க நிதி. எட்டாவது பெயர் கெல் ஸ்கெரிட்.

எனக்குப் பக்கத்து வீடு. வெள்ளத்துக்கு மறுநாள் வேலியோரம் நின்று நானே விசாரித்தேன். "படியோட நின்னுடுச்சு வெர்னா, உள்ள ஒரு சொட்டு வரல" என்றான். பப்பிலும் அதையேதான் சொன்னான். சேறு அள்ள வந்த தன்னார்வலர்களைக்கூட வாசலோடு அனுப்பிவிட்டான்.

பேக்கரி நடத்தும் டாட் என்பவளின் வீட்டில் தண்ணீர் இடுப்பளவு ஏறியது. அவள் பெயர் பட்டியலில் இல்லை.

"கவுன்சில்ல இருக்கறது அவன் மச்சான். வேற என்ன வேணும்?" என்றாள் டாட், ரொட்டியைப் பையில் போட்டபடி.

அன்றிலிருந்து கெல்லைக் கவனிக்க ஆரம்பித்தேன். பகலிலும் திரைச்சீலை இழுத்து மூடியே இருந்தது. அவன் மனைவி ஐரிஸ் வெளியே தலைகாட்டவே இல்லை. லாரியில் மரப்பலகை வந்து இறங்கியது. எல்லாம் சேர்ந்து எனக்கு ஒரே அர்த்தம்தான் தந்தது. நிதி அலுவலகத்துக்குப் புகார் எழுதினேன். பெயர் போடவில்லை.

நவம்பரில் நிதி அலுவலகத்திலிருந்து தாலியா என்ற அதிகாரி வந்தாள். நான் தோட்டத்தில் குனிந்து களை பிடுங்குவதுபோல நின்றேன்.

"வெர்னா! ஒளிஞ்சு பாக்காத, உள்ள வா" என்று கூப்பிட்டான் கெல். "எழுதினது நீதானே? வந்து கண்ணால பாத்துக்கோ."

போனேன். சுவரில் இடுப்புயரத்துக்குச் சேற்றுக்கோடு. அதற்குக் கீழே பலகைகளை அறுத்து எடுத்திருந்தான். புதிதாகப் பாதிதான் அடித்திருந்தான். பூஞ்சை நாற்றம் தொண்டையைப் பிடித்தது. கட்டிலில் ஐரிஸ் உட்கார்ந்து எங்களைப் பார்த்துச் சிரித்தாள். யாரென்று அவளுக்குத் தெரியவில்லை.

"நாலு வருஷமா இவ ஞாபகம் இப்படித்தான்" என்றான் கெல். "அப்பவே உண்மையச் சொல்லியிருந்தா, வீடு குடியிருக்க லாயக்கில்லன்னு இவள எங்கயாவது முதியோர் இல்லத்துல தள்ளியிருப்பாங்க. இந்த ரூமும் நானும்தான் இவளுக்கு இன்னும் அடையாளம் தெரியுது. தூக்கிக் கட்டினா இங்கயே வச்சுக்கலாம்னுதான் அப்புறம் விண்ணப்பம் போட்டேன்."

"டாட் பேரு ஏன் இல்ல?" என்றேன். விட மனமில்லை.

"அவங்க விண்ணப்பமே போடலையே" என்றாள் தாலியா.

புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னேன். முடியாதாம். விசாரணை முடியும்வரை பதினொரு பேருக்கும் நிதி நிறுத்தம்.

விசாரணை முடிவதற்குள் ஜனவரியில் ஆற்றில் தண்ணீர் மறுபடி ஏறியது. என் வீடு உயரமான தூண்களின்மேல் நிற்பது. முழங்கால் தண்ணீரில் போய் கெல் வீட்டுக் கதவைத் தட்டினேன். கெல் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"இதையும் யாருக்காவது எழுதுவியா?"

"திட்டறத மேல வந்து திட்டு. முதல்ல அவளைத் தூக்கு" என்றேன்.

இருவருமாக ஐரிஸை நாற்காலியோடு தூக்கி வந்தோம்.

ஆகஸ்டில் நிதி வந்தது. அதற்குள் பட்டியலில் இருந்த இரண்டு குடும்பங்கள் ஊரைவிட்டே போயிருந்தன. பேக்கரியில் நான் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. டாட்கூட ரொட்டிப் பாக்கெட்டை நீட்டிவிட்டுத் திரும்பிக்கொள்கிறாள்.

வீட்டைத் தூக்கும் வேலை முடியும்வரை கெல்லும் ஐரிஸும் என் பின்னறையில்தான். நான் தேநீர் கொண்டுபோனால், ஐரிஸ் தன் கைப்பையை எடுத்துத் தலையணைக்கு அடியில் செருகிக்கொள்கிறாள்.