பீமராவின் நான்காவது ஸ்க்ரூ டிரைவர்

என் கணவர் பீமராவ், கைலாசபுரத்துப் பெரிய தொழிற்சாலையில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அவர் கையெழுத்துப் போடாமல் ஒரு வால்வுகூட வெளியே போகாது என்று அவரே சொல்வார். ஸ்ரீரங்கத்து வீட்டுக்குக் குடிவந்த அன்று, பால் பொங்குவதற்குள் எல்லாக் கதவுகளின் கீல்களையும் ஆட்டிப் பார்த்து இரண்டை ஃபெயில் பண்ணிய மனிதர்.

நான் வங்கியில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ரைஃபிள் கிளப். ஐம்பது மீட்டர் தூரத்தில் படுத்துக்கொண்டு சுடுவது என் பிரிவு. நாற்பத்து நான்கு வயதில் இது என்ன பைத்தியம் என்று கேட்காத சொந்தக்காரர்கள் இல்லை. மாநில அணிக்கான தேர்வில் போன வருடம் இரண்டு பாயிண்டில் தவறினேன், அதற்கு முந்தின வருடம் மூன்றில். முழங்கைத் தேய்மானத்தோடு இந்த ஒரு வருடம்தான் தாங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, இதுதான் கடைசி வாய்ப்பு.

தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பயிற்சியில் குண்டுகள் கண்டபடி சிதறின. வீட்டுக்கு வந்து ரைஃபிளைப் பார்த்தால், கட்டையையும் குழலையும் சேர்த்துப் பிடிக்கும் ஸ்க்ரூ லேசாகத் தளர்ந்திருந்தது. காரணம் கிடைத்துவிட்டது என்று எனக்கு நிம்மதியாகவே இருந்தது.

"இதுக்குப் போயா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே? நகரு, நான் முறுக்கித் தரேன்" என்றார் பீமராவ்.

"லைசென்ஸ் என் பேர்ல இருக்கு. நீங்க டூலை மட்டும் எடுத்துக் குடுங்க."

முதலில் வந்தது, குக்கர் கைப்பிடி முதல் சுவிட்ச் போர்டு வரை சகலத்தையும் முறுக்கிய வீட்டு ஸ்க்ரூ டிரைவர். அரைச் சுற்றுகூட இல்லை, வழுக்கியது. அடுத்து பெரிய கடைவீதியில் வாங்கிய செட், நாற்பது முனைகள். நாற்பதும் ஒற்றுமையாக வழுக்கின. மூன்றாவது ஆன்லைனில் வந்தது. ஷோகேஸில் வைக்கலாம் போல அத்தனை அழகு. அது வழுக்கியதோடு விடாமல் கட்டையில் நக நீளத்துக்கு ஒரு கீறலும் போட்டது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அவர் கீறலைக் குனிந்து பார்த்தார். "ஸ்டீல் சரியில்ல" என்று தீர்ப்புச் சொன்னார்.

பிறகு விஷயத்தை அலுவலக முறைப்படி கையில் எடுத்தார். இரவு சப்பாத்திக்குப் பிசைந்து வைத்த மாவில் ஓர் உருண்டையைக் கிள்ளி, ஸ்க்ரூ தலையில் வெட்டியிருக்கும் காடியில் அழுத்தி அச்செடுத்தார். அதை வெர்னியர் அளவுகோலால் அளந்து, மூன்று கோணத்தில் டிராயிங் போட்டார். மாவு உருண்டையை சோப்பு டப்பாவில் பத்திரப்படுத்திக்கொண்டு, மறுநாள் என்னையும் அழைத்துக்கொண்டு அரியமங்கலம் போனார். அங்கே கிரைண்டிங் பட்டறை வைத்திருக்கும் ஹபீபுல்லா, துப்பாக்கி ரிப்பேர்க்காரர்களுக்கு முனை தீட்டித் தருகிறவர்.

எங்கள் மூன்று ஸ்க்ரூ டிரைவர்களையும் பார்த்துவிட்டு ஹபீபுல்லா சொன்னார்: "இதெல்லாம் முனை ஆப்பு மாதிரி சரிஞ்சு வருது பாருங்க. சுவிட்ச் போர்டுக்கு இது போதும். துப்பாக்கி ஸ்க்ரூவுல காடி ஒல்லியா, நேரா இருக்கும். முனையும் ரெண்டு பக்கமும் நேரா எறங்கி அடியில போய் உக்காரணும். இல்லன்னா மேல ஏறி வழுக்கத்தான் செய்யும்."

"அது எனக்குத் தெரியும் பாய். அதான் டிராயிங்கே போட்டிருக்கேன்."

ஹபீபுல்லா டிராயிங்கை விட்டுவிட்டு மாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்ளோ மேலோட்டமா காடி வெட்ட மாட்டாங்களே. மாவுல ஏன் சார் செவப்பா இருக்கு?"

"துரு."

ஹபீபுல்லா மோந்து பார்த்தார். "துரு சந்தன வாசம் அடிக்குமா சார்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால் ஆயுத பூஜை. சைக்கிள் பம்பிலிருந்து கத்தரிக்கோல் வரை எல்லாவற்றுக்கும் நான்தான் பொட்டு வைத்தேன். ரைஃபிளுக்கு மட்டும் என்னை விடவில்லை. "உனக்கு நேரா வைக்க வராது" என்று, நான் பிடித்துக்கொள்ள, ஸ்க்ரூ ஸ்க்ரூவாகத் தேடி, நடு சென்டரில், ஒரே விட்டத்தில் சந்தனம் வைத்துக் குங்குமமும் இட்டார். மேலே இருந்ததைத் துடைத்துவிட்டோம். காடிக்குள் இறங்கியது சிமென்ட் மாதிரி இறுகிக் கிடந்திருக்கிறது.

எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. ஹபீபுல்லா மரியாதைக்காக மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் அசரவில்லை.

"கலப்படச் சந்தனம். நல்ல சந்தனம்னா இப்படி இறுகாது" என்றார்.

பல்குச்சியால் காடியைச் சுத்தம் செய்து, புது மாவில் புது அச்செடுத்து, மறுபடி அரியமங்கலம் போனோம். ஹபீபுல்லா தீட்டித் தந்த நான்காவது ஸ்க்ரூ டிரைவரின் முனை காடியில் இறங்கி, கையை எடுத்தாலும் நின்றது. கால் சுற்று முறுக்கினேன். வழுக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் நான் தேர்வையே ஜெயித்துவிட்டது போல அன்று வீட்டில் பாயசம் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தேர்வு. அறுபது குண்டுகள். நாற்பது வரை நன்றாகவே போனது. அதற்குப் பிறகு நிதானிக்காமல் விசையை அழுத்தினேன். கடைசி இருபதும் சிதறின. ஐந்து பாயிண்டில் போய்விட்டது.

மற்றவர்கள் ஸ்கோர் பார்க்கப் போய்விட்டார்கள். நான் படுத்துச் சுட்ட பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை. பீமராவ் தண்ணீர் பாட்டிலோடு வந்து என் முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் குந்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஸ்க்ரூ மறுபடி லூசாயிருக்கும் யமுனா. முனையோட அளவை நான்தான் தப்பாக் குடுத்துட்டேன். என் தப்பு" என்றார்.

இருபது வருடத்தில் இந்த வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டதில்லை. ரைஃபிளை அசைத்துப் பார்த்தேன். கட்டையும் குழலும் ஒரே துண்டு போல இறுகி நின்றன. அது அவருக்கும் தெரியும்.

"ஸ்க்ரூ நல்லாத்தாங்க இருக்கு" என்றேன். "மூணு வருஷமா கடைசியில அவசரப்படுறது நான்தான்."

சொல்லி முடித்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் இஸ்திரி போட்ட பேன்ட்டோடு செம்மண்ணில் உட்கார்ந்து, என் முழங்கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகப் பிடித்துவிட்டார்.