ஏலாவின் கல்லைப் புரட்டினோம்

என் பொண்டாட்டி ஏலாவை எரிச்சு எடுத்த எலும்பு, மண்சட்டியில என் குடிசையிலயே இருந்துச்சு. அவ ஜனங்க செத்தவங்களுக்குக் கட்டுற கல்மேட்டு அறைக்குள்ளதான் அதை வைக்கணும். ஆனா ஈரம் சொட்டுற அறையில எலும்பு வைக்க மாட்டாங்க. அந்த அறை மழைக்கு ஒழுகுச்சு.

நான் கடலுக்கு அந்தாண்ட இருந்து தோல்படகுல வந்தவன். இங்க எனக்கு அவதான் சொந்தம். அவ போனப்புறம் சட்டிகிட்டதான் பேச்சு.

கூரைக்கு, பலகைக்கல்லை வட்டமா அடுக்கி, வரிசைக்கு வரிசை கொஞ்சம் உள்ள தள்ளி வச்சு, உச்சியை ஒரே கல்லால மூடுவோம். ஒவ்வொரு கல்லும் வெளிப்பக்கமா சரிஞ்சிருக்கணும். அப்பதான் தண்ணி மேட்டு மண்ணுக்குள்ள போகும். ஒரு கல்லு மட்டும் அப்படி இல்ல. அது ஏலா வளைஞ்சு வளைஞ்சு போற சுழி கொத்தின கல்லு. அவ அண்ணன் தோர்கன், செத்தவங்க படுத்துக்கிட்டே பார்க்கட்டும்னு, சுழி கீழ தெரியற மாதிரி உள்பக்கம் சாய்ச்சு வச்சுட்டான். பாசம்தான். தண்ணி அந்தப் பாசத்து வழியா வந்துச்சு.

கல்லைப் புரட்டி, வெளிப்பக்கமா சரிச்சு, சுழியை மேல வச்சு, தண்ணி அதுல ஓடி வெளிய போக அதோட வாலை விளிம்பு வரைக்கும் வெட்டி விடணும்னேன். தங்கச்சி கொத்தினதுல எவன் உளியும் படக்கூடாதுன்னான் தோர்கன். படகுல வந்தவனுக்கு ஓட்டை தெரியும், கல்லு தெரியுமான்னு எல்லார் முன்னாடியும் நக்கலடிச்சான்.

"ஓட்டை தெரியாதவன் இங்க வந்தே சேர்ந்திருக்க மாட்டான், மச்சான். இந்த மழைக்கு ஒரு சொட்டு விழுந்தா, சட்டியை உன்கிட்ட குடுத்துட்டுப் படகேறிடறேன்."

அவனுக்கு அது பிடிச்சுப்போச்சு. மேல இருந்த கல்லையெல்லாம் இறக்கி, நெம்புகழி போட்டு ஏலா கல்லைப் புரட்டினோம். வாலை நானே வெட்டினேன். திரும்ப அடுக்கி, மூடி, மண்ணைப் போட்டோம்.

மழைக்காலம் பூரா விடாம ஊத்துச்சு. நின்னப்புறம் பந்தத்தோட ரெண்டு பேரும் மேட்டோட குறுகலான நடை வழியா ஊர்ந்து உள்ள போனோம். தரையில தூசி பறந்துச்சு. தோர்கன் எக்கி, அந்தக் கல்லோட கொத்தாத அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தான். விரலை உரசிப் பார்த்தான். திரும்பவும் தடவினான்.

"இங்கேர்ந்து அவ கொத்தினது ஒண்ணும் தெரியலையேடா."

"மேல வேலை பார்த்துக்கிட்டிருக்கா மச்சான்."

சட்டியைக் கொண்டாந்து, அங்க இருந்த கல்தொட்டியில எலும்பைக் கொட்டினேன். தோர்கன் ரெண்டு கையாலயும் அதைப் பதமா ஒரு பக்கமா ஒதுக்கினான். எதுக்குன்னு கேட்டேன்.

"உனக்கும் இடம் வேணுமில்ல."