பாதியில் நின்ற வால்ட்ஸ்

சனிக்கிழமை வரை தாங்கும் என்று நம்பித்தான் ஓடாலிஸ் அந்தப் பன்றித் தொடையை ஃப்ரீசரில் வைத்திருந்தாள். சனிக்கிழமை மகள் டைலீனுக்குப் பதினைந்து வயது. அவர்கள் ஊரான பயாமோவில் பெண்ணுக்குப் பதினைந்து என்றால் கல்யாணத்துக்குச் சமம். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய இறைச்சி அது. கரண்டுக்கு இதெல்லாம் தெரியுமா? வியாழக்கிழமை விடியற்காலையில் போனது, வெள்ளி மதியம் வரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஃப்ரீசரைத் திறந்தால் தொடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"விழா இன்னிக்கே," என்றாள் கணவனிடம்.

"நாளைக்குத்தானேடி பொறந்தநாள்?" என்றான் ஒஸ்மானி.

"நாளைக்குன்னா நாத்தத்தைத்தான் பரிமாறணும். கரி அடுப்பை வெளிய எடு."

தெருவில் எல்லா வீட்டு ஃப்ரீசரும் அழுதுகொண்டுதான் இருந்தது. அதனால் பொழுது சாய்வதற்குள் அவரவர் கோழியும் மீனும் ஓடாலிஸின் அடுப்புக்கு வந்து சேர்ந்தன. எதிர்வீட்டு நெரெய்தா மரவள்ளிக் கிழங்கோடு வந்தாள். டோமினோ கட்டை ஆடுகிறவர்கள் மேஜையைத் தூக்கி வந்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒருவனை ஒருவன் திருடன் என்று திட்டிக்கொண்டார்கள். கரண்ட் இருக்கும் நாளில் இத்தனை பேர் சேர்ந்து சிரித்ததில்லை என்பது ஓடாலிஸுக்கே உறைத்தது. அதற்காக மின் நிலையத்துக்காரர்களை மன்னித்துவிட முடியுமா என்ன?

டைலீன் இளஞ்சிவப்பு உடையில் வந்து அப்பாவின் கையைப் பிடித்தாள். அப்பாவும் மகளும் சுற்றிச் சுற்றி ஆடும் வால்ட்ஸ் தொடங்க வேண்டும். ஸ்பீக்கரில் சார்ஜ் இல்லை.

"வாய்க்கும் கரண்ட் வேணுமா?" என்று நெரெய்தா மெட்டை எடுத்துவிட்டாள். தெருவே சேர்ந்து பாடியது. டைலீன் சுற்றினாள், பாவாடை கரிப் புகையில் விரிந்தது.

இரண்டாவது சுற்றில் தெருவிளக்கு எரிந்தது.

"வந்துடுச்சு!" என்று எல்லா வாயிலிருந்தும் ஒரே கூச்சல். அடுத்த நொடி பாடியவர்களில் ஒருவரும் தெருவில் இல்லை. அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. தொட்டித் தண்ணீரை மாடிக்கு ஏற்ற வேண்டும், சோறு வைக்க வேண்டும், போனைச் சொருக வேண்டும்; எந்த நேரம் மறுபடி பிடுங்குவார்கள் என்று யார் கண்டது?

ஓடாலிஸும் ஓடினாள். மோட்டார் சுவிட்சில் கை வைத்த பிறகுதான் தான் ஓடிவந்ததே அவளுக்குத் தெரிந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தெரு நடுவே டைலீன், அப்பாவின் தோளில் ஒரு கை வைத்தபடி, அசையாமல் நின்றாள்.

"மொதல்ல தண்ணி ஏத்தும்மா," என்றாள் மகள். "நான் எங்க போயிடப் போறேன்?"

பதினைந்து வயசுப் பெண் பேசுகிற பேச்சா இது? அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இந்தப் பழகிப்போன குரலைத்தான் ஓடாலிஸால் தாங்க முடியவில்லை. அவள் வீட்டு மெயின் சுவிட்சை இழுத்து அணைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"போனாலும் நம்மள ஆட்டி வைக்குது, வந்தாலும் ஓட வைக்குது," என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். "என் பொண்ணு ஆடி முடிக்கிற வரைக்கும் அது எனக்கு வேண்டாம். ஒஸ்மானி, என்ன முழிக்கிற? ஆடு."

"மாடித் தொட்டி காலிடி."

"காலியாவே கெடக்கட்டும்."

விட்ட இடத்திலிருந்து அவளே பாடினாள். சுருதி என்று ஒன்று அவளுக்கு என்றைக்குமே இருந்ததில்லை; ஆத்திரத்தில் மெட்டும் கோணியது. இரண்டு பக்கமும் மோட்டார்கள் உறுமின, அதற்கு மேல் குரலை உயர்த்தினாள். டைலீன் சிரித்துவிட்டு மறுபடி சுற்றினாள்.

எதிர்வீட்டில் ஒரு மோட்டார் நின்றது. ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தபடி நெரெய்தா வெளியே வந்தாள்.

"இவ்வளவு கேவலமாப் பாடி அந்தப் பொண்ணைக் கொல்லாதே, தள்ளு," என்றாள், பாட்டை வாங்கிக்கொண்டாள்.